மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

"எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கணும், ஐஓடி பண்ணணும். எந்த கிட் வாங்கலாம்ணே?" இப்படிக் கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஐஓடி என்றால் சென்சார், மோட்டார் போன்ற பொருள்களை இணையத்தோடு சேர்ப்பது. பாலிடெக்னிக் தம்பிகள், பத்தாம் வகுப்புப் பையன்கள், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணன், பணி ஓய்வு பெற்ற ஒரு கணக்கு டீச்சர். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில், கடையில், தோட்டத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாமல் இருக்கும் விஷயம் எது?

மதுரையில் பெரும்பாலும் பதில் தண்ணீரைப் பற்றித்தான் வரும். மாடித் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, கீழ்த் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததா, போர் மோட்டார் ஓடும்போது உண்மையிலேயே தண்ணீர் ஏறுகிறதா. வைகை அணையின் 71 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்பது காலைப் பேப்பரிலேயே வந்துவிடுகிறது. தலைக்கு நேர் மேலே இருக்கிற தொட்டியின் நிலவரம் மாடியேறி மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

அங்கிருந்தே தொடங்குங்கள் என்கிறேன். பலர் நேராக இயக்கும் வேலையில் இறங்குகிறார்கள். செல்போனில் தட்டி லைட்டைப் போடுவது, குரல் கொடுத்து ஃபேனை நிறுத்துவது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இயக்குவதற்கு 230 வோல்ட்டில் கை வைக்க வேண்டும். அளப்பதற்கு 5 வோல்ட் போதும். தப்பாக அளந்தால் திரையில் ஒரு எண் தப்பாக வரும், உட்கார்ந்து யோசித்துத் திருத்திக்கொள்ளலாம். தப்பாக இயக்கினால் அந்த அவகாசம் கிடைக்காது. அதோடு, ஒன்றை ஒழுங்காக அளக்கப் பழகுகிறவருக்கு மின்சுற்று, நிரல், நெட்வொர்க், கொஞ்சம் இயற்பியல் எல்லாம் அந்த ஒரே வேலையில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

சரி, எந்த போர்டு?

ஆர்டுயினோ என்ற போர்டு 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்தில், வடிவமைப்புப் படிக்கும் மாணவர்களுக்காக உருவானது. பொறியாளர் அல்லாதவர்களும் மைக்ரோகன்ட்ரோலரை, அதாவது ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கம்ப்யூட்டரை, தொட்டுப் பழக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம், அந்த நல்ல குணம் இன்றைக்கும் அதில் இருக்கிறது. நம் கல்லூரி லேப்களில் பார்க்கும் வழக்கமான யூனோ போர்டுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், நிரலுக்கு 32 கிலோபைட், ரேம் வெறும் 2 கிலோபைட். பழகுவதற்கு இது போதும். ஆனால் வைஃபை கிடையாது. 2014-இல் ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சிப் சந்தைக்கு வந்தபோதுதான் சில நூறு ரூபாய்க்கு வைஃபையும் சேர்ந்தே கிடைக்கிற நிலைமை வந்தது. 2016-இல் அதன் அடுத்த தலைமுறையான ஈஎஸ்பி32: இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் ரேம், வைஃபையோடு புளூடூத்தும். 2023-இல் வந்த யூனோ ஆர்4 வைஃபை போர்டிலும் வைஃபை வேலையைப் பார்ப்பது ஈஎஸ்பி32 குடும்பத்துச் சிப் ஒன்றுதான். ஆகவே இணையத்தோடு சேர வேண்டும் என்றால் முதல் போர்டாகவே ஈஎஸ்பி32 வாங்குங்கள். ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளிலேயே அதற்கும் நிரல் எழுதலாம், கற்றது எதுவும் வீணாகாது.

'37 சென்சார் கிட்' என்று பெட்டி பெட்டியாக ஆன்லைனில் விற்பதை வாங்காதீர்கள். அதில் முக்கால்வாசி டப்பாவைவிட்டு வெளியே வராது. முதலில் வேண்டியவை கொஞ்சம்தான்: ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, பற்றவைக்காமல் ஒயரைச் செருகிப் பழகும் துளைப் பலகையான பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் ஒயர்கள், சில ரெசிஸ்டர்கள், எல்இடி, ஒலியால் தூரம் அளக்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். இவற்றுக்கெல்லாம் முன்னால், ஒரு மல்டிமீட்டர். மஞ்சள் நிறத்தில் கிடைக்கும் சாதாரண மீட்டரே தொடங்குவதற்குப் போதும். கன்டின்யூட்டி வைத்து ஒயரின் இரண்டு முனையையும் தொட்டால் பீப் என்று சத்தம் வருகிறதே, அந்தச் சத்தம் பல மணி நேரக் குழப்பத்தை நொடியில் தீர்க்கும். புது ஜம்பர் ஒயரே உள்ளே அறுந்திருக்கும். 830 துளை பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் துண்டாகியிருக்கும். இந்தப் பாதியில் மின்சாரம் இருக்கும், அந்தப் பாதியில் இருக்காது. மீட்டர் இல்லாதவர் நிரலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

இவற்றை டவுன் ஹால் ரோடு பக்கம் உதிரிபாகக் கடைகளில் நேரில் போய் வாங்குவதையே நான் விரும்புகிறேன். ஆன்லைனில் சில ரூபாய் குறையலாம். கடையில் கிடைப்பது வேறு. "330 ஓம் ரெசிஸ்டர் பத்து குடுங்கண்ணே" என்றால் "கால் வாட்டா, அரை வாட்டா?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்கிற நொடியில்தான் ஒரு பையன் பவர் என்பதைப் பற்றி முதன்முதலாக யோசிக்கிறான். ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்துப் பழகிய பெரியவர்கள் இந்தக் கவுன்டர்களில் இருக்கிறார்கள். கன்டென்சர் உப்பியிருப்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். ஈஎஸ்பி32 அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஓம் விதி புதிதல்ல.

அந்த ஓம் விதியோடுதான் முதல் மாலை. எல்இடி ஒன்றை எரிய வைப்பது சின்ன வேலை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். ஈஎஸ்பி32-இன் பின், அதாவது ஒயர் இணைக்கும் கால், 3.3 வோல்ட் தருகிறது. சிவப்பு எல்இடி அதில் ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 1.3 வோல்ட். அதை 330 ஓமால் வகுத்தால் சுமார் 4 மில்லிஆம்பியர். எல்இடிக்கும் பத்திரம், பின்னுக்கும் பத்திரம். பவர் மில்லிவாட் கணக்கில்தான் வரும், எனவே கால் வாட் ரெசிஸ்டர் தாராளம். கடைக்காரர் கேள்விக்கும் இப்போது பதில் கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் யூஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்யப்பட்ட கேபிள்களில் டேட்டா ஒயரே இருக்காது. அடுத்து சிஎச்340 அல்லது சிபி2102 டிரைவர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். போர்டில் யூஎஸ்பி பக்கத்தில் இருக்கும் சின்னச் சிப்பின் மேல் எது என்று எழுதியிருக்கும்.

இனி தொட்டி. இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் விஷயம் இருப்பது இங்கேதான்.

எச்சி-எஸ்ஆர்04 (HC-SR04) என்ற அல்ட்ராசோனிக் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும். நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பிவர எத்தனை மைக்ரோ விநாடி ஆனது என்பதைத்தான் அது சொல்கிறது. தூரத்தை நாம்தான் கணக்குப் போட வேண்டும். இதில் எடுத்த எடுப்பிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. சென்சார் 5 வோல்ட்டில் ஓடுகிறது, அதன் எக்கோ பின் 5 வோல்ட் அனுப்புகிறது. ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். நேராக இணைத்தால் சில நாள் வேலை செய்யும், பிறகு அந்தப் பின் போய்விடலாம். அதற்குத்தான் வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் வோல்ட்டேஜ் டிவைடர்: எக்கோ பின்னிலிருந்து 1 கிலோ ஓம், அதற்குக் கீழே 2 கிலோ ஓம் கிரவுண்டுக்கு, நடுவிலிருந்து ஈஎஸ்பி32-க்கு ஒயர். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, 3.33 வோல்ட், அங்கே கிடைக்கும். 2 கிலோ ஓம் கையில் இல்லையா, 1 கிலோ ஓம் இரண்டை வரிசையாகப் போடுங்கள்.

கணக்கு டீச்சர் என்றேனே, அவர் இந்த இடத்தில் எங்கள் எல்லோரையும்விட வேகமாகப் போனார். "தம்பி, தூரம் வந்துருச்சு. எனக்கு லிட்டர்ல வேணுமே" என்றார். டேப் வைத்துத் தொட்டியின் குறுக்களவை எடுத்தார், 110 சென்டிமீட்டர். பரப்பளவு சுமார் 9,500 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 9.5 லிட்டர். பல வருடம் கரும்பலகையில் போட்ட உருளையின் கன அளவு, அன்றைக்கு அவர் வீட்டு மாடியிலேயே வேலைக்கு வந்தது. அடுத்து வந்த கேள்வியும் அவருடையதுதான். "காலையில ஒரு அளவு காட்டுது. மத்தியானம் யாரும் தண்ணி புழங்காமலே கூடிருக்கு. எப்படி?"

காரணம் வெயில். ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். பெரும்பாலான மாதிரி நிரல்களில் இந்த எண்தான் எழுதப்பட்டிருக்கும். காற்று சூடாகச் சூடாக ஒலி வேகமாகப் போகும், டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர். மொட்டை மாடியில் சித்திரை வெயிலில், தொட்டி மூடிக்குக் கீழே அடைபட்ட காற்று 40 டிகிரியைத் தொட்டால் வேகம் 355 மீட்டருக்குப் பக்கம் வந்துவிடும். தண்ணீர் உண்மையில் 100 சென்டிமீட்டர் கீழே இருந்தாலும், எதிரொலி சீக்கிரம் திரும்பிவிடுவதால் நிரல் ஏறக்குறைய 97 என்று கணக்குப் போடும். அந்த 3 சென்டிமீட்டர் சொச்சம் டீச்சர் தொட்டியில் சுமார் 30 லிட்டர். இரண்டு குடத்துக்கு மேல் இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டுகிறது.

திருத்துவது எளிது. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார், ஸ்டீல் முனையோடு தண்ணீர் புகாத ஒயரில் கிடைக்கிறது. அதைத் தொட்டிக்குள் காற்றில் தொங்கவிட்டு, அதன் டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் போதும். 331.3 கூட்டல் 0.606 பெருக்கல் வெப்பநிலை என்று ஒரு வரி நிரலில் சேரும், மத்தியானத்துக் கள்ளத் தண்ணீர் மறையும். அந்தச் சென்சார் கரன்ட் வந்தவுடன் 85 டிகிரி என்று ஒரு எண் சொன்னால் அதை நம்பாதீர்கள். அளக்கத் தொடங்குவதற்கு முன் அது வைத்திருக்கும் எண் அது. ஒரே தூரத்தை ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் தவறான ஒரே எதிரொலி மொத்தத்தையும் இழுத்துவிடும். நடு எண் அசையாது.

மாடியில் நிரந்தரமாக வைப்பதற்கு எச்சி-எஸ்ஆர்04 ஆகாது. தொட்டிக்குள் எப்போதும் ஈரம், சில மாதத்தில் துரு ஏறிவிடும். கார் பம்பரில் வைப்பதைப் போன்ற மூடிய தலையுள்ள ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்கள். அதில் ஒரு கட்டுப்பாடு: சுமார் 20, 25 சென்டிமீட்டருக்குள் இருக்கும் எதையும் அதனால் அளக்க முடியாது. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் சென்சாருக்கு அதைவிட நெருங்காத உயரத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் விழும் குழாயிலிருந்து தள்ளியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் எண் குதித்துக்கொண்டே இருக்கும்.

அளவு வந்துவிட்டது. இப்போது அதைக் கீழே கொண்டுவர வேண்டும்.

ஈஎஸ்பி32 போர்டுகளில் வழக்கமாகக் கிடைப்பவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பார்க்கும். வீட்டு ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அது இவற்றின் கண்ணுக்கே தெரியாது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி சிக்னல் மாடிக்குப் போக வேண்டும் என்பதால், போர்டை மாடிப்படி முடியும் அறையில் வைத்துவிட்டு சென்சாரின் ஒயரை மட்டும் தொட்டிவரை நீட்டுவது நல்லது. வைஃபை அனுப்பும் நொடியில் ஈஎஸ்பி32 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். நைந்த சார்ஜரும் நீளமான மெல்லிய கேபிளும் சேர்ந்தால் அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரிந்து போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். நல்ல சார்ஜர், குட்டையான கேபிள், போர்டுக்குப் பக்கத்தில் 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் (கடையில் சொல்லும் கன்டென்சர்) ஒன்று. பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

அனுப்புவதற்குப் பல வழி உண்டு. நான் சொல்லிக்கொடுப்பது எம்க்யூடிடி, கருவிகள் சின்னச் சின்னச் செய்திகளை அனுப்பிக்கொள்ளும் ஒரு முறை. 1999-இல் ஆர்லன் நிப்பரும், ஐபிஎம்மில் இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் உருவாக்கியது. பாலைவனத்தில் போகும் எண்ணெய்க் குழாய்களின் நிலவரத்தை, விலை அதிகமான, மெதுவான செயற்கைக்கோள் இணைப்பு வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. குறைந்த பைட்டில் செய்தி போக வேண்டும், இணைப்பு அறுந்து அறுந்து வந்தாலும் தாங்க வேண்டும். கரன்ட் போய்ப் போய் வரும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரிலோ மஸ்கிட்டோ என்ற இலவச புரோக்கரை ஏற்றினால், செய்தியை வாங்கிக் கேட்டவருக்குக் கொடுக்கும் தபால் நிலையம்போல அது உட்கார்ந்துகொள்ளும். 'வீடு/மாடி/தொட்டி' என்று ஒரு முகவரி வைத்து ஈஎஸ்பி32 அதில் லிட்டரைப் போட்டுக்கொண்டே இருக்கும்.

இதில் இரண்டு வசதிகளை யாரும் முதலில் கவனிப்பதில்லை; எனக்கு அவைதான் பெரிதாகப் படுகின்றன. ஒன்று, ரிட்டெய்ன். கடைசியாக வந்த அளவை புரோக்கர் பிடித்து வைத்திருக்கும், நீங்கள் எப்போது திறந்தாலும் உடனே கிடைக்கும். இன்னொன்று, லாஸ்ட் வில். போர்டு திடீரென்று இணைப்பிலிருந்து போய்விட்டால், "ஆள் இல்லை" என்று அதன் சார்பில் புரோக்கரே அறிவித்துவிடும். ரிட்டெய்னை மட்டும் வைத்து இதை விட்டுவிட்டால் ஆபத்து. காலையில் 600 லிட்டர் என்று சொன்ன சென்சார் பத்து மணிக்குச் செத்துப்போயிருக்கும். சாயங்காலமும் திரையில் 600 நிற்கும். வீட்டில் இருப்பவர்கள் அதை நம்பித் துணி துவைக்கப் போடுவார்கள். எனவே எந்த அளவையும் நேரத்தோடு சேர்த்தே காட்டுங்கள். ஈஎஸ்பி32 இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். நம் நேரம் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னால், நிரலில் 19800 விநாடி என்று எழுத வேண்டும்.

திரையில் தமிழ் வருமா என்று கேட்கிறார்கள். 16 எழுத்து, இரண்டு வரி உள்ள நீல எல்சிடி திரைகளில் நாமாக வரைந்து சேர்க்கக்கூடிய உருக்கள் எட்டுதான், தமிழ் அதில் அடங்காது. நான் சொல்வது, ஈஎஸ்பி32-இலிருந்தே ஒரு சின்ன வலைப்பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள், அல்லது தானாகச் செய்தி அனுப்பும் டெலிகிராம் பாட் வழியாக அனுப்புங்கள். எழுத்தை வரையும் வேலையைச் செல்போன் பார்த்துக்கொள்ளும். நிரலில் 'தொட்டி' என்று தமிழிலேயே தட்டலாம். எழுத்துகளைக் கம்ப்யூட்டர் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டு. தொட்டிக்கு ஆறு குறியீடு, 18 பைட்டு. நீளத்தை எழுத்துக் கணக்கில் எண்ணி நினைவகத்தில் சின்ன இடம் (பஃபர்) ஒதுக்கினால் பாதியில் வெட்டுப்பட்டுக் கட்டம் கட்டமாக வரும். இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். "தொட்டியில கால்வாசிதான் இருக்கு, மோட்டார் போடுங்க" என்று அம்மாவின் செல்போனுக்குத் தமிழில் ஒரு செய்தி வந்த வீட்டில், அதற்குப் பிறகு இந்த ஒயர்களை எடுத்துத் தூரப் போடு என்று யாரும் சொல்வதில்லை.

ஊர்ப்பக்கம் போனால் கேள்வி மாறிவிடுகிறது. சோழவந்தான் பக்கம் சித்தப்பாவுக்குத் தென்னந்தோப்பு. மோட்டாரைச் செல்போனிலேயே போட்டு நிறுத்துகிற மாதிரி ஒன்று செய்து தரவா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: "போடுறதுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்குப்பா. த்ரீ ஃபேஸ் வந்தா அதுவே ஓட ஆரம்பிச்சிரும். நான் ராத்திரி எந்திரிச்சு லைட்ட எடுத்துக்கிட்டு அங்கிட்டு நடக்குறது போடுறதுக்கில்ல. தண்ணி உண்மையிலயே விழுகுதான்னு பாக்கத்தான்."

விவசாயம் செய்கிறவருக்கு அவர் வேலை தெரியும். நமக்குத் தெரிந்த கருவியை அவர் கையில் திணிப்பதற்கு முன்னால், எது தெரியாததால் அவர் தூக்கம் கெடுகிறது என்று கேட்க வேண்டும். தோப்பில் தெரிய வேண்டியவை இரண்டு: மூன்று ஃபேஸும் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் ஓடுகிறதா. ஒரு ஃபேஸ் போய் இரண்டில் மோட்டார் ஓடினால், மிச்ச ஃபேஸ்களில் கரன்ட் ஏறி, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான காயில் சூடாகிக் கருகிவிடும். காயில் கட்டும் செலவை நினைத்தாலே எந்த விவசாயிக்கும் வயிறு எரியும்.

மூன்று ஃபேஸையும் கவனிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு நல்ல செல்போன் சார்ஜர். சார்ஜர் தரும் 5 வோல்ட் இருந்தால் ஃபேஸ் இருக்கிறது. அதை நாம் முன்பு போட்ட அதே டிவைடர் வழியாக ஈஎஸ்பி32-க்குக் கொடுத்தால் உயர் மின்னழுத்தம் நம் கைப்பக்கம் வரவே வராது. 230 வோல்ட் பக்கத்து இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மட்டுமே செய்யுங்கள், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. இந்த ஏற்பாட்டுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. ஓடுகிற மோட்டார் தன் காயில் வழியாக, போன ஃபேஸிலும் வோல்ட்டேஜைத் தூண்டிக்கொண்டிருக்கும், அதனால் சார்ஜர் ஏமாந்துவிடலாம். ஓடாத நேரத்தில் எந்த ஃபேஸ் வந்திருக்கிறது என்று சொல்வதற்குத்தான் இது. மோட்டாரைக் காப்பாற்றும் பொறுப்பு ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலேக்கும் சிங்கிள் ஃபேஸ் தடுப்பானுக்கும் உரியது, அவற்றைக் கழற்ற யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். சந்தையில் கிடைக்கும் நீல நிற '10 ஆம்பியர்' ரிலே மாட்யூலை நேராக மோட்டாருக்குப் போட்டு வீடியோ போடுகிறார்களே, அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும், அந்த ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தச் சொன்னாலும் நிற்காது.

தண்ணீர் ஓடுகிறதா என்பதற்கு டெலிவரி குழாயில் ஒரு ஃப்ளோ சுவிட்ச். தோப்பில் வைஃபை ஏது? அங்கே லோரா என்ற ரேடியோ. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை, வரையறுத்த சக்திக்குள், தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், எனவே 868 என்று விற்கும் மாட்யூலை வாங்கி 866-இல் வைத்துக்கொள்ளுங்கள். சில பைட்டுகளை மட்டும் மெதுவாக அனுப்பும், ஆனால் திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். தென்னை மட்டைகள் தூரத்தைக் குறைக்கும், ஆன்டெனாவை மோட்டார் ரூமுக்கு மேலே ஏற்றிக் கட்டினால் வித்தியாசம் தெரியும். சித்தப்பா வீட்டுத் திண்ணைச் சுவரில் இப்போது பச்சையாக ஒரு எல்இடி இருக்கிறது. தண்ணீர் விழும்போது எரியும். செயலி இல்லை, செல்போன் இல்லை. கட்டிலில் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்க்கிறார்.

மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மண் ஈரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டு கம்பியை மண்ணில் குத்துகிற மலிவான சென்சாரைத் தவிர்த்துவிடுங்கள். அதில் மின்சாரம் மண் வழியாகவே போவதால் மின்னாற்பகுப்பு நடந்து, சில வாரத்தில் கம்பியின் பூச்சு அரித்துவிடும். மண்ணில் மின்சாரம் செலுத்தாமல் அளக்கும் கபாசிட்டிவ் வகை நீடிக்கும். ஆனால் அது தரும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் இல்லை. திருமங்கலம் பக்கத்துக் கரிசலும் மேட்டுச் செம்மண்ணும் ஒரே ஈரத்தில் வேறு வேறு எண் காட்டும். உங்கள் மண்ணையே எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து ஒரு எண், தண்ணீர் ஊற்றி வடியவிட்டு ஒரு எண். இந்த இரண்டுக்கும் நடுவில் பார்த்தால்தான் அது பேசும். ஒயரை ஈஎஸ்பி32-இன் 32 முதல் 39 வரையுள்ள பின்களில் கொடுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது அளக்காது.

பாதுகாப்பைப் பற்றி ஒரே பத்தி. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க இணையத்தில் கிடந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததால். உங்கள் புரோக்கருக்குப் பாஸ்வேர்டு வையுங்கள், ரூட்டரில் அதற்காக வெளியே போர்ட் திறக்காதீர்கள், பாட்டின் சாவியான டெலிகிராம் டோக்கன் இருக்கும் நிரலை அப்படியே யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கையில் காசு இல்லாத பையன்களுக்கு: வோக்வி என்ற இணையதளத்தில் ஈஎஸ்பி32, சென்சார், எல்இடி எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்து நிரல் ஓட்டிப் பார்க்கலாம். இலவசம். செல்போன் பிரவுசரில்கூடத் திறக்கும், கம்ப்யூட்டரில் வசதி. அதில் ஒரு மாதம் பழகிவிட்டு, பிறகு போர்டு வாங்குங்கள். தயாரித்த நிறுவனம் தரும் விவரத் தாளான சென்சாரின் டேட்டாஷீட்டையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஆங்கிலம் கடினமாக இருந்தால் முதலில் அட்டவணைகளை மட்டும் படியுங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர், எந்தப் பின் எது. பாதி விஷயம் அங்கேயே இருக்கிறது.

எல்லாம் ஓடத் தொடங்கியபின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, செய்யாமல் விடாதீர்கள். எந்த ஒயர் எந்தப் பின்னுக்குப் போகிறது, சார்ஜர் எத்தனை ஆம்பியர், தொட்டியின் குறுக்களவு, சென்சார் வைத்த உயரம், நிரல் எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது, மாட்டிய தேதி. இவ்வளவையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நீங்கள் வேலைக்குச் சென்னையோ பெங்களூரோ போயிருப்பீர்கள். பெட்டியைத் திறக்கப்போவது தெருமுனை எலக்ட்ரீஷியனாகவோ உங்கள் தங்கையாகவோ இருக்கும்.